இஞ்சாருங்க

"இஞ்சாருங்க" என்று கூப்பிட்டது காதில் விழுந்ததும் தெய்வசிகாமணி பழக்கதோஷத்தில் "இரு, வரேன்" என்று வாயைத் திறந்துவிட்டார். 'இரு' வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். கையிலிருந்த சுண்டல் நாலு வேட்டியில் விழுந்து உருண்டது. கூப்பிட்டது யார்? மெதுவாகத் தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் மங்கையர்க்கரசி, முப்பத்தாறு வருஷமாக அவருக்குப் பெண்டாட்டி, மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, கழுத்தைச் சுற்றி வெள்ளை மல்துணியோடு நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டிருக்க வழியில்லை. கூப்பிடுவதற்கு அந்தத் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. பதினாலு மாசத்துக்கு முன்னால் புற்று என்று சொல்லிக் குரல்வளையை அடியோடு எடுத்தாகிவிட்டது. மல்துணிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை, மூச்சு போய்வர, அவ்வளவுதான். அப்புறம் யார்? பேட்மிண்டன் வலைக் கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியில் சினிமா ஓடிக்கொண்டிருந்தது. மே மாசப் புழுக்கம், நங்கநல்லூரில் இந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் லீவு விட்டால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இப்படித் திறந்தவெளியில் படம் போடுவார்கள். பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருந்தன, பெரியவர்கள் நாற்காலி, நாலு மூலையிலும் கொசுவர்த்தி. திரையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் குரல்? அட, குரல் எப்படி அதுவாக இருக்கும்? 'இஞ்'சில் கொஞ்சம் மூக்கால் அழுத்தி, 'சா'வை நீட்டி, கடைசி 'ங்க'வைக் கேட்டும் கேட்காமலும் விழுங்கிவிடுகிற அந்த இழுப்பு, இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டைக்கடலையின் தோலை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

பிரமை என்றுதான் முதலில் நினைத்தார். வயசு அறுபத்தாறு, மத்தியானம் வெயிலில் பால் வாங்கப் போனது, ராத்திரி தூக்கம் கெட்டது, எல்லாம் சேர்ந்து காதுக்குள் ஏதோ பண்ணுகிறது. டெலிபோன் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த காது அது. யாருடைய லைனில் யார் குரல் கலந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காது. அதுவே பொய் சொல்ல ஆரம்பித்தால் மனுஷன் எங்கே போவான்? திரையிலிருந்த பெண் திரும்பினாள். ஏதோ ஒரு நடிகை, நல்ல உயரம், மூக்குத்தி, கதாநாயகனுக்கு அண்ணி வேஷம். அவள் புருஷன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். "ஏனுங்க, தம்பி இன்னும் வூட்டுக்கு வரலீங்" என்றாள். மறுபடியும் அதே குரல். வார்த்தை மட்டும் கோயமுத்தூர்ப் பக்கம், குரல் மங்கை. மங்கை! பின்வரிசையில் உட்கார்ந்திருந்த துளசிமணி, மேல் வீட்டுக்காரி, பொள்ளாச்சியிலிருந்து வந்தவள், சத்தமாகச் சிரித்தாள். "கேட்டீங்களா சார் கூத்த? எங்க ஊர்ப் பொம்பள எந்தக் காலத்துல புருசன இஞ்சாருங்கன்னு கூப்புட்டா? ஏனுங்கன்னு சொல்லோணும். அது தஞ்சாவூர்க்காரங்க பேச்சு. குரல் குடுத்த புள்ள தூக்கத்துல ஒளறிருச்சு போங்க!" என்றாள். குரல் குடுத்த புள்ள. பட்டுக்கோட்டைக்காரி. ஆமாம், மங்கைக்குப் பட்டுக்கோட்டைதான். கல்யாணமான புதிதில் சைதாப்பேட்டை வீட்டில் அவள் முதல் தடவை 'இஞ்சாருங்க' என்று கூப்பிட்டபோது அவருடைய தங்கைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றையிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்குள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதுதான் இஞ்சாருங்க. இஞ்சாருங்க, தண்ணி வந்துருச்சு. இஞ்சாருங்க, பல்லி. இஞ்சாருங்க, தூங்கிட்டீங்களா. அவர் பேப்பரை விட்டுத் தலையை எடுக்காமல் 'இரு, வரேன்' என்பார், எழுந்திருக்க மாட்டார், அவள் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கும். அந்த வார்த்தையை இப்போது இருநூறு பேர் பொரி தின்றுகொண்டே கேட்டுவிட்டார்கள்.

தொண்ணூற்றேழு. படத்தின் பெயரை அவர் பார்க்கவில்லை, சுண்டல் வாங்கப் போயிருந்தார். ஆனால் தணிக்கைச் சான்றிதழ் காட்டினார்களே, முதலில், அதைப் பார்த்தார். "தொண்ணூத்தேழாம், நம்ம தேனு ரெண்டாங்கிளாஸ் போன வருஷம்" என்று மங்கையிடம் சொல்லவும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டினாளா, இல்லை தலையைக் குனிந்துகொண்டாளா? இப்போது நினைத்தால் குனிந்துகொண்ட மாதிரி இருக்கிறது. கல்யாணம் எண்பத்தெட்டில். எண்பத்தெட்டு எங்கே, தொண்ணூற்றேழு எங்கே? கணக்கு உதைக்கிறதே. அவளுடைய கலியமூர்த்தி மாமா சாலிகிராமத்தில் டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவு உதவியாளராக இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மங்கை அவர் வீட்டில் இரண்டு வருஷம் தங்கி, தியேட்டருக்குப் போய்க் கூட்டத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறாள், குழந்தை அழுவதற்குக் கொடுத்திருக்கிறாள், ஒரு படத்தில் தோழிக்கு நாலு வரி பேசியிருக்கிறாள். பெண் பார்க்கும்போதே சொன்னார்கள், மறைக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போகிற பஸ்ஸில், தாம்பரம் தாண்டியதும், அவர்தான் பேச்சை எடுத்தார். "சினிமா சகவாசமெல்லாம் நம்ம குடும்பத்துக்கு ஒத்துவராது, விட்டுடு" என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "சரிங்க" என்றாள். தீர்ந்தது விஷயம். இந்தக் கதையை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! ஆபீஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், மாப்பிள்ளையிடம்கூட. "ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், மறுவார்த்தை பேசல" என்பார், சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருப்பாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். மடையன். வடிகட்டின மடையன். எதற்குச் சிரித்தாள் என்று ஒரு தடவையாவது கேட்டானா?

செவ்வாய்க்கிழமை! அடிப்பாவி, செவ்வாய்க்கிழமை! தெய்வசிகாமணி நாற்காலியில் அசைந்த அசைவில் அதன் கால் க்றீச் என்றது. மகள் தேன்மொழி பிறந்த பிறகு மங்கை வடபழநி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள், ஒன்பது செவ்வாய் போகிறேன் என்று. ஒன்பது செவ்வாய் பதிமூன்று வருஷம் நடந்தது. இவருக்கு ஒரு நாளாவது சந்தேகம் வந்ததா? வரவில்லை. பெருமையாக இருந்தது. என் பெண்டாட்டிக்கு என்ன பக்தி, என்ன பக்தி! பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காலையில் போனால் மூன்று மணிக்கு வருவாள், நல்ல கூட்டம் என்பாள். கையில் விபூதிப் பொட்டலம் இருக்கும். இருக்காமல் பின்னே? வடபழநியிலிருந்து சாலிகிராமம் கூப்பிடு தூரம், பத்து நிமிஷம் முருகனுக்கு, மிச்சமெல்லாம் மைக்குக்கு. வந்தவுடனே வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பாள், ராத்திரி பாலில் மிளகும் மஞ்சளும். "என்ன தொண்டை?" என்று கேட்டால் "திருப்புகழ் பாடினேன், கட்டிக்கிச்சு" என்பாள். இவரும் நம்பி, தொண்டைக்கு நல்லது என்று பனங்கல்கண்டு வாங்கி வந்து கொடுத்திருக்கிறார், திங்கட்கிழமை தவறாமல்! பனங்கல்கண்டு வாங்கிக் கொடுத்து, கையால் பொடித்தும் கொடுத்து, சினிமாவுக்கு அனுப்பியிருக்கிறார், சினிமாவே கூடாது என்று சொன்ன மகாராஜா. கலியமூர்த்தி மாமா இறந்த வருஷம் கோயில் நின்றுவிட்டது. முட்டி வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்றாள். வடபழநியில் ஏது படி? அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? இன்னொன்றும் நினைவுக்கு வந்து அவரைக் குத்தியது. ஒரு பொங்கலுக்கு ஆலந்தூரில் சினிமா பார்த்துவிட்டு வரும்போது, ரிக்‌ஷாவில், "அந்தத் தங்கச்சியா வந்துச்சே, அது பேசினது நல்லாருந்துச்சுல்ல?" என்று கேட்டாள். "எந்தத் தங்கச்சி? நான் கவனிக்கல" என்றார் இவர். அவள் அதற்கப்புறம் வீடு வரைக்கும் பேசவில்லை. பசி போல என்று நினைத்துக்கொண்டார்.

கோபம் வரவேண்டும், நியாயமாக. வந்தது, வந்து பாதியில் நின்றது, ஏனென்றால் திரையில் அண்ணி மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டாள், பேசினால் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பதினாலு மாசம். பதினாலு மாசமாக இந்தக் குரலைத்தான் வீட்டில் மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு நர்ஸ் ஒரு பெண் சொன்னாள், "அவங்க குரலைக் கொஞ்சம் போன்ல பதிவு பண்ணி வச்சுக்குங்க அங்கிள், அப்புறம் ஆசையா இருக்கும்" என்று. நாளைக்குப் பண்ணலாம், நாளைக்குப் பண்ணலாம் என்று இருந்தார். இன்சூரன்ஸ் காகிதம், ரத்தம் கொடுக்க ஆள், ஸ்கேன் படம், எல்லாவற்றுக்கும் ஓடினார். ஆபரேஷன் அன்று காலை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த பிறகு ஞாபகம் வந்து போனை எடுத்து நீட்டி "ஏதாவது சொல்லு மங்கை" என்றார். அவள் ஏதோ சொன்னாள். இவர் அமுக்கின பொத்தான் தப்பு. போட்டோ விழுந்திருந்தது, அவளுடைய வாய் திறந்திருக்கிற போட்டோ. டெலிபோன்காரன்! ஊருக்கெல்லாம் குரல் கொண்டுபோய்க் கொடுத்தவன்! அதற்கப்புறம் கல்யாண கேசட்டைத் தேடி எடுத்து, நூறு கடை ஏறி இறங்கி, அதைப் போனில் பார்க்கும்படி மாற்றி வாங்கினார். மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டு. தாலி கட்டும்போது பாட்டு, அவள் சிரிக்கும்போது பாட்டு, வீடியோக்காரன் ஒரு இடத்தில்கூட ஆள் பேச்சை விட்டுவைக்கவில்லை. துபாயில் இருக்கும் தேன்மொழியிடம் கேட்டார், "அம்மா பேசினது ஏதாவது இருக்கா பாரும்மா". தேடிப் பார்த்துவிட்டு அழுதாள். அவளும் எடுத்து வைக்கவில்லை. குரல் இருக்கிறபோது யார் எடுத்து வைக்கிறார்கள்? இந்தச் சித்திரையிலிருந்து அவருக்குக் குரல் மறக்க ஆரம்பித்திருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு மனசுக்குள் 'இஞ்சாருங்க' என்று சொல்லிப் பார்ப்பார், அவளுடைய குரலில் வராது, தன்னுடைய குரலிலேயே வரும். திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். பக்கத்தில் அவள் கழுத்து ஓட்டை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு தூங்குவாள். யாரிடம் சொல்வது இதை? இப்போது இதோ, மைதானம் முழுக்க, பொங்கல் விழாவுக்கு வாங்கின இரண்டு ஸ்பீக்கரிலும் அந்தக் குரல், முப்பத்தோரு வயசுக் குரல், கொஞ்சம்கூடக் கரகரப்பில்லாமல்.

கரகரப்பு. டாக்டர் கேட்டாரே. முதல் நாள், பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தொண்டைக்கு அதிக வேலை கொடுக்கிற தொழிலா அம்மாவுக்கு? டீச்சர், பாடகி, இந்த மாதிரி?" என்று கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது குரல் இருந்தது, அறுந்து அறுந்து வந்தாலும் இருந்தது. இவர் முந்திக்கொண்டு, "இல்ல டாக்டர், வேலையெல்லாம் ஒண்ணும் கிடையாது, வீட்டுலதான் இருக்கா" என்றார். அவள் எடுத்த வாயை மூடிக்கொண்டாள். அதை இவர் பார்த்தார். பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவள் சொல்லியிருப்பாளா? கடைசியாகச் சொல்ல வந்தது அதுதானா? ஐயோ, ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு சொன்னாளே ஒன்று, போட்டோவில் வாய் திறந்திருக்கிறதே, அது என்ன? அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஒன்று தலைக்கு மேலே வந்தது. திரையில் அண்ணி வாயசைக்கிறாள், ஒரு எழுத்துக் காதில் விழவில்லை. "போய்த் தொலையேன்டா" என்று தெய்வசிகாமணி வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். இருபது வருஷமாக இந்த விமானங்களுக்குக் கீழேதான் குடியிருக்கிறார், ஒன்றையும் இப்படித் திட்டியதில்லை. என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள் என்று பதறி, பக்கத்தில் அவளையே கேட்பதற்குத் திரும்பினார். திரும்பினவர் அப்படியே இருந்துவிட்டார். மங்கையர்க்கரசியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. திரையில் அந்த நடிகையின் உதடு எப்படி அசைந்ததோ அப்படியே, அதே நேரத்துக்கு, ஒரு மயிரிழை பிசகாமல். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இருட்டு அறையில் பேசின வசனம் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. விமானம் போய்விட்டது. சத்தம் திரும்பி வந்தது. அவளுடைய வாய் இங்கே அசைய, அவளுடைய குரல் அங்கே ஸ்பீக்கரிலிருந்து வந்தது. "சாப்பிட்டுப் போட்டுப் போங்க சாமி, வெறும் வவுத்தோட போகாதீங்க" என்றாள் மங்கை. தெய்வசிகாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை கிட்டத்தில் அவள் பேசிப் பார்த்துப் பதினாலு மாசம் ஆயிற்று.

அவள் இவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் என்ன செய்வது என்று இவருக்கும் தெரியாது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? தெரிந்துவிட்டது என்று காட்டுவதா, தெரியாத மாதிரி சுண்டலைத் தின்பதா? யோசித்துக்கொண்டே இருந்தவருக்கு ஆரம்பத்துக் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கலியமூர்த்தி மாமா ஒரு தடவை சொல்லியிருக்கிறார், நடிகை முதுகு காட்டி நின்றால் டப்பிங் பேசுகிறவர்களுக்குக் கொண்டாட்டம் என்று. வாயசைவு தெரியாது, வசனத்தில் இல்லாததை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், கூப்பிடலாம், முனகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அப்படியானால் அந்த 'இஞ்சாருங்க' வசனத்தில் இல்லை. எழுதினவன் எழுதவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக் முன்னால் நின்று, ஒரு புருஷனைக் கூப்பிட வேண்டும் என்று வந்தபோது அவள் வாயில் தானாக வந்திருக்கிறது. உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் அவள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்துக்கொண்டு போன இடத்தில் நின்று அந்த ஆளையே கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து யாரோ யாருக்கோ போட்ட டிரங்க் காலைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருப்பார். அப்போதுதான் திரையில் அண்ணி இருமினாள்.

இருமினால் முடிந்தது. நம் படங்களில் அண்ணி இருமுகிறாள் என்றால் இடைவேளை தாங்கமாட்டாள், இது பாயில் படுத்திருக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இரண்டாவது இருமலுக்கு முந்தானையால் வாயைத் துடைத்தாள், முந்தானையில் சிவப்பு. மங்கையும் இப்படித்தான் ஒரு நாள் வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டு முந்தானையை மடித்து மறைத்தாள். செத்துவிடாதே, செத்துவிடாதே என்று அவர் அந்த மூக்குத்தி நடிகையைப் பார்த்து வேண்டிக்கொண்டார், செத்தால் குரல் போய்விடும், மிச்சப் படத்தில் யார் பேசினால் என்ன? கட்டிலில் படுக்கப் போட்டுவிட்டார்கள். சுற்றி நின்று அழுகிறார்கள். கொழுந்தன் கையைப் புருஷன் கையில் எடுத்து வைத்து அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், "எனக்கொரு ஆசைங்க…" பாயிலிருந்து ஒரு கூட்டம் பிள்ளைகள் கத்தின, "அங்கிள், போர்! ஃபைட் போடுங்க அங்கிள்!" லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த சங்கச் செயலாளர் நவநீதன் பெரியவர்கள் பக்கம் திரும்பி, "இது கொஞ்சம் அழுகாச்சி சீன், ஓட்டிடலாங்களா?" என்று கேட்டார். துளசிமணி "ஓட்டுங்க, ஓட்டுங்க, வயித்தெரிச்சல்" என்றாள். நவநீதன் அமுக்கினார். திரையில் எல்லாரும் வெடுக் வெடுக்கென்று ஆடினார்கள், சத்தம் நின்றுபோயிற்று. பக்கத்தில் மங்கையின் உதடு மட்டும் நிற்கவில்லை, அது பழைய வேகத்திலேயே அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு போயிற்று, சத்தமில்லாமல், ஒருத்தரும் பார்க்காமல். தெய்வசிகாமணி எழுந்தது அவருக்கே தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து துளசிமணியின் காலில் விழுந்தது. "நிறுத்துய்யா!" என்று கத்தினார். "ஓட்டாதே! பேச விடு! அவளைப் பேச விடுய்யா!"

மேல்மாடி ஏ.சி. பெட்டிகளின் சத்தம்தான் கேட்டது. நவநீதன் பயந்துபோய்ப் படத்தை நிறுத்திவிட்டு, "யாரை சார்?" என்றார். தெய்வசிகாமணி திரையைக் காட்டினார், அப்புறம் பக்கத்தைக் காட்டினார். "அதோ பேசறாளே, அது இவதான். என் சம்சாரம். அவ குரல்தான் அது. அவ சினிமாவுக்குக் குரல் குடுத்தவ. டப்பிங் ஆர்ட்டிஸ்ட்" என்றார். அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை, சொன்ன பிறகு இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னார். இருநூறு தலையும் மங்கையர்க்கரசியின் பக்கம் திரும்பியது. கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கை தட்டிப் புருஷனைக் கூப்பிடுகிற ஊமையம்மா என்றுதான் பிள்ளைகளுக்கு அவளைத் தெரியும். துளசிமணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அட என்ர கண்ணு, நீங்களா அது? நான் என்னென்னமோ சொல்லிப்போட்டனே!" என்று எழுந்து வந்து மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மங்கை அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் கண் புருஷன் மேல் இருந்தது. பயந்திருந்தாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் இப்படிப் பயந்து அவர் பார்த்ததில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போதுகூட இல்லை. என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையில் இவர் என்னென்ன பண்ணக்கூடியவர் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

தெய்வசிகாமணி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முட்டி வலித்தது. "இன்னும் எத்தனை படம் மங்கை?" என்று கேட்டார். அவள் துணிப்பையிலிருந்து சிலேட்டை எடுத்தாள், பிள்ளைகள் எழுதி விளையாடுகிற சிலேட்டு, பொத்தானை அமுக்கினால் எழுத்தெல்லாம் மறைந்துபோகும். அவர் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினாள்: நாப்பத்தொண்ணு. அவர் அதைப் படித்தார், மறுபடியும் படித்தார். நாற்பத்தொன்று! அதற்குக் கீழே அவள் எழுதினாள்: ரெண்டு படம் உங்களோட தியேட்டர்ல பாத்தேன். ஒண்ணுல நீங்க தூங்கிட்டீங்க. இன்னொண்ணுல கவனிக்கலன்னீங்க. எழுதிவிட்டுப் பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். அவர் விரலைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காதே" என்றார். பின்னாலிருந்து நவநீதன், "சார், விட்ட எடத்துலேர்ந்து போடட்டுமா?" என்று கேட்டார். தெய்வசிகாமணி வேண்டாமென்று தலையை ஆட்டினார். "முதல்லேர்ந்து போடுங்க" என்றார். பிள்ளைகள் ஒன்றும் முணுமுணுக்கவில்லை, பாயில் எழுந்து உட்கார்ந்துகொண்டன. படம் பின்னால் ஓடிற்று. காற்றில் துணி ஒரு தடவை உப்பி அடங்கியது. தணிக்கைச் சான்றிதழ் வந்தது, தொண்ணூற்றேழு. எழுத்துகள் ஓடின, யார் யாரோ பெயர், குரல் கொடுத்தவள் பெயர் அதில் இல்லை, அவர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். அப்புறம் விடிகாலை, மாட்டுத்தொழுவம், முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோல் உதறுகிற பெண். மங்கையர்க்கரசி அவர் கையைப் பிடித்திருந்தாள், இறுக்கி. "இஞ்சாருங்க" என்றது ஸ்பீக்கர். தெய்வசிகாமணி எழுந்து நின்றார். "வந்துட்டேன்மா, சொல்லு" என்றார்.